‘புட் ஆஃப்’ எங்கே, எப்படி, எந்தப் பொருளில்? – முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. பள்ளியில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரியும்கூட. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்ற வாக்கியத்தைப் படிக்கிறோம். மனப்பாடம் செய்த பொருளை வைத்துப் பார்த்தால் ‘அந்த வாடை என்னைத் தள்ளிப்போட்டது’ என்று வருகிறது. ஒன்றும் புரிவதில்லை. அகராதியைத் திறந்தால் ஐந்தாறு பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. அத்தனையையும் உருப்போட முயன்று, பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அத்தனையையும் உருப்போடத் தேவையில்லை. ‘புட் ஆஃப்’ வரும் வாக்கியத்தைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தள்ளப்படுவது ஒரு வேலையா, ஓர் ஆளா? கூட்டம், தேர்வு, பயணம், முடிவு போன்ற ஒன்றாக இருந்தால் பொருள் ‘தள்ளிப்போடு’. மனிதராக இருந்தால் அநேகமாக வேறு பொருள். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பத்தில் ஒன்பது வாக்கியங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

படி 1: வேலையைத் தள்ளிப்போடுவது

இதுதான் அதிகம் புழங்கும் பொருள். ‘தி மீட்டிங் ஹாஸ் பீன் புட் ஆஃப் அன்டில் மண்டே’ என்றால் கூட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. எப்போது வரை என்று சொல்ல ‘அன்டில்’ அல்லது ‘டில்’ போடுங்கள். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல ‘ஃபார்’: ‘தே புட் ஆஃப் தி ட்ரிப் ஃபார் எ வீக்’, பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள்.

இந்தப் பொருளுக்குள்ளேயே இரண்டு சாயல்கள் உண்டு. மழை, உடம்பு சரியில்லை, ஆள் வரவில்லை என்ற காரணத்தால் தேதி மாறுவது ஒன்று. செய்ய மனமில்லாமல் நாமே நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டு போவது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்ல ஆங்கிலக்காரர்கள் அன்றாடப் பேச்சில் முதலில் எடுப்பது ‘கீப் புட்டிங் இட் ஆஃப்’ என்ற தொடரை. ‘ஐ நீட் டு ஸீ எ டாக்டர், பட் ஐ கீப் புட்டிங் இட் ஆஃப்’: டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த ஒரு தொடரை வாயில் பழக்கிக்கொண்டால் போதும், ‘ப்ரோக்ராஸ்டினேட்’ என்ற நாக்கைப் புரட்டும் சொல்லை எங்கும் தேடி ஓட வேண்டாம்.

‘கால் ஆஃப்’ உடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இங்கே சற்று நின்று போக வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பம் பொருளையே மாற்றிவிடும். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பு. நிகழ்ச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, தேதிதான் மாறுகிறது. ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து; நிகழ்ச்சியே இல்லை.

2020ஆம் ஆண்டு இதற்கு நல்ல உதாரணங்களைக் கொடுத்திருக்கிறது. கொரோனா காரணமாக டோக்கியோ ஒலிம்பிக்ஸை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள். 2021 ஜூலை 23 அன்று அது தொடங்கியது. ஆக, ‘தி ஒலிம்பிக்ஸ் வேர் புட் ஆஃப்’. அதே 2020இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடக்கவே இல்லை. ‘விம்பிள்டன் வாஸ் கால்ட் ஆஃப்’.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. 2020 மார்ச் 27 அன்று தொடங்க வேண்டிய தேர்வு தள்ளிக்கொண்டே போய் ஜூன் 1 என்றானது, அப்புறம் ஜூன் 15 என்றானது. கடைசியில் ஜூன் 9 அன்று தேர்வே ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘தி எக்ஸாம் வாஸ் புட் ஆஃப் ஸெவரல் டைம்ஸ் அண்ட் ஃபைனலி கால்ட் ஆஃப்’. பல முறை ஒத்திவைத்து, முடிவில் ரத்து செய்தார்கள். அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் மொழியில் இதற்கான சொற்கள் தெளிவாகவே இருக்கின்றன. தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘ஒத்திவைப்பு’, இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘பிற்போடப்பட்டது’, இரண்டு இடத்திலும் ‘ரத்து’. செய்தித் தலைப்பில் இவற்றில் எது வருகிறது என்று பார்த்து ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் தவறு வராது.

படி 2: பின்னால் வரும் வினைச்சொல்

‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? நம்மில் பலரும் ‘ஐ புட் ஆஃப் டு கோ’ என்கிறோம். தவறு. ‘ஐ புட் ஆஃப் கோயிங்’ என்பதே சரி. ‘புட் ஆஃப்’க்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் அது ‘இங்’ சேர்த்த வடிவில்தான் வரும்.

விதியை மறந்துவிட்டால் தமிழ் வாக்கியத்தைக் கேளுங்கள், அது காட்டிக்கொடுக்கும். தமிழில் ‘டாக்டரிடம் போகத் தள்ளிப்போட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்றுதான் சொல்கிறோம். ‘போவது’ என்று வினையைப் பெயராக்கி, அதற்கு ‘ஐ’ வேற்றுமை சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் ‘கோயிங்’ செய்வதும் அதே வேலைதான், வினையைப் பெயராக்குகிறது. ஆகவே தமிழில் ‘வதை’ என்று முடிகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘இங்’ போடுங்கள். ‘பணம் கட்டுவதைத் தள்ளிப்போட்டார்’: ‘ஹீ புட் ஆஃப் பேயிங்’. ‘சொல்வதைத் தள்ளிப்போடாதே’: ‘டோன்ட் புட் ஆஃப் டெல்லிங் ஹெர்’. இந்த உத்தி எல்லா ஆங்கில வினைக்கும் பொருந்தாது, ஆனால் ‘புட் ஆஃப்’க்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

படி 3: ‘இட்’ எங்கே நிற்கும்?

‘புட்’டும் ‘ஆஃப்’பும் பிரியக்கூடிய ஜோடி. ‘புட் ஆஃப் தி மீட்டிங்’ என்றும் சொல்லலாம், ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம். பொருளில் வித்தியாசம் இல்லை.

ஆனால் ‘இட்’, ‘தெம்’, ‘மீ’, ‘ஹிம்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அதற்கு இடம் நடுவில் மட்டும்தான். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. இதில் விதிவிலக்கே கிடையாது. போட்டித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளுக்கு இது தோதான விஷயம், கவனமாக இருங்கள்.

தள்ளப்படும் வேலையின் பெயர் நீளமாக இருந்தால் அதை நடுவில் செருக வேண்டாம், கடைசியில் விடுங்கள். நடுவில் ஏழெட்டுச் சொற்கள் வந்தால் ‘ஆஃப்’ வருவதற்குள் கேட்பவருக்கு ‘புட்’ மறந்துவிடும். ‘நெவர் புட் ஆஃப் டில் டுமாரோ வாட் யூ கேன் டூ டுடே’ என்ற பழைய ஆங்கிலப் பழமொழியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று செய்யக்கூடியதை நாளைக்குத் தள்ளாதே என்று பொருள். அதில் ‘இன்று செய்யக்கூடியது’ என்ற நீண்ட பகுதி எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிறது. ‘நாளை வரை’ என்பதுகூட அதற்கு முன்னால் வந்துவிட்டது. நீளமானது கடைசிக்குப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் காலம். ‘புட்’ இறந்தகாலத்திலும் ‘புட்’தான், ‘புட்டட்’ என்று ஒன்று இல்லை. எனவே ‘ஷீ புட் இட் ஆஃப்’ என்றால் அவள் தள்ளிப்போட்டாள். ‘ஷீ புட்ஸ் இட் ஆஃப்’ என்றால் வழக்கமாகத் தள்ளிப்போடுகிறாள். அந்த ஒரு ‘ஸ்’ ஒலிதான் இரண்டையும் பிரிக்கிறது. எழுதும்போது ‘புட்டிங்’ என்பதில் ‘டி’ எழுத்து இரண்டு முறை வரும். கோல்ஃப் விளையாட்டில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டுவதற்கும் எழுத்து இதேதான், ஆனால் அதைப் ‘பட்டிங்’ என்று உச்சரிப்பார்கள்.

பேச்சில் அழுத்தம் ‘புட்’ மேல் விழாது, ‘ஆஃப்’ மேல் விழும். சொற்கள் ஒட்டிக்கொண்டு ‘புட் இட் ஆஃப்’ என்பது ‘புட்டிட்டாஃப்’ என்று காதில் விழும். அமெரிக்கர் வாயில் ‘டி’ மெலிந்து கிட்டத்தட்ட ‘புடிடாஃப்’. படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை என்பவர்கள் இந்த ஒட்டிய ஒலியை நாலு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

படி 4: ஆளைப் ‘புட் ஆஃப்’ செய்வது

தமிழ் பேசுகிறவர்களுக்கு உண்மையில் கடினமான பகுதி இதுதான். தள்ளப்படுவது மனிதராக இருந்தால் மூன்று பொருள்கள் வரலாம்.

முதலாவது, ஒன்றின் மீதிருந்த ஆசையோ மதிப்போ போய்விடுவது. ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’: அந்த வாடையில் எனக்கு வேண்டாம் என்றாகிவிட்டது. எதன் மீதான ஆசை போயிற்று என்று சொல்ல, ‘ஆஃப்’க்குப் பின்னால் அந்தப் பொருளை அப்படியே வைத்துவிடலாம், இடையில் வேறு சொல் தேவையில்லை. ‘இட் புட் மீ ஆஃப் ஃபிஷ்’: அதிலிருந்து மீன் என்றாலே பிடிக்காமல் போயிற்று. வினையாக இருந்தால் இங்கும் ‘இங்’தான்: ‘இட் புட் மீ ஆஃப் ஈட்டிங் தேர்’, அங்கே சாப்பிடவே மனசு வரவில்லை.

இது நமக்கு ஏன் கடினம்? தமிழில் இந்த மாதிரி உணர்ச்சியைச் சொல்லும்போது ‘எனக்கு’ என்று தொடங்குகிறோம். எனக்குப் பிடிக்காமல் போச்சு, எனக்கு வெறுத்துவிட்டது. ஆங்கிலத்தில் வெறுப்பை உண்டாக்கிய பொருள்தான் எழுவாய். நான் நடுவில் மாட்டிக்கொண்டவன். அதை மறந்து ‘எனக்கு’ என்ற இடத்தில் ‘ஐ’ போட்டு ‘ஐ புட் ஆஃப் தட் ஹோட்டல்’ என்று சொன்னால், அந்த ஹோட்டல் பிடிக்கவில்லை என்று யாருக்கும் புரியாது. எதையோ தள்ளிப்போட்டதாக நினைப்பார்கள். ‘ஐ’ என்றுதான் தொடங்க வேண்டும் என்றால் செயப்பாட்டு வினைக்குப் போங்கள்: ‘ஐ வாஸ் புட் ஆஃப் பை ஹிஸ் டோன்’. அவர் பேசிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் விலகிவிட்டேன். ‘வாஸ்’ஸும் ‘பை’யும் இங்கே உயிர்நாடி.

இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ஐ புட் ஆஃப் ஈட்டிங்’: சாப்பிடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ‘இட் புட் மீ ஆஃப் ஈட்டிங்’: அதைப் பார்த்ததும் சாப்பிடும் எண்ணமே போய்விட்டது. நடுவில் ஒரு ‘மீ’ நுழைந்ததும் பொருள் எங்கேயோ போய்விட்டது. முதலில் சொன்ன அந்தக் கேள்வி எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

இந்தப் பொருளில் ஊக்கப்படுத்தும் வாக்கியங்களும் நிறைய உண்டு. ‘டோன்ட் பி புட் ஆஃப் பை தி ப்ரைஸ்’: விலையைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். ‘டோன்ட் லெட் தட் புட் யூ ஆஃப்’: அதற்காகப் பின்வாங்காதே. ஆங்கில நண்பர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது, கேட்டால் ‘தள்ளிப்போடாதே’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதிலிருந்து பிறந்த பெயரடைதான் ‘ஆஃப்-புட்டிங்’. சொற்கள் இடம் மாறி நிற்கின்றன, முகஞ்சுளிக்க வைக்கிற என்று பொருள். ‘அன் ஆஃப்-புட்டிங் ஸ்மெல்’ என்றால் குமட்டும் வாடை. தள்ளிப்போடுதல் என்ற பொருள் இந்தச் சொல்லில் துளியும் இல்லை. வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் ஒருவருக்கு உண்டு என்று சொல்ல நினைத்து ‘ஹீ ஹாஸ் அன் ஆஃப்-புட்டிங் ஹேபிட்’ என்றால், அவரிடம் அருவருப்பான பழக்கம் இருக்கிறது என்று சொன்னதாக ஆகும். அலுவலகத்தில் இது வம்பில் முடியும்.

இரண்டாவது, கவனத்தைக் கலைப்பது. ‘ஸ்டாப் ஸ்டேரிங், யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்’: இப்படி உற்றுப் பார்க்காதே, எனக்கு வேலை ஓடவில்லை. பந்து வீச ஓடி வரும்போது கூட்டத்தில் யாரோ விசிலடித்து பேட்டருக்குக் கவனம் சிதறினால் ‘தி நாய்ஸ் புட் ஹிம் ஆஃப்’. இது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் ‘த்ரோ ஆஃப்’ என்பார்கள், அல்லது நேரடியாக ‘டிஸ்ட்ராக்ட்’. வெறுப்பா, கவனச்சிதறலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த நேரத்தில் அவர் ஏதாவது வேலையில் மும்முரமாக இருக்கிறாரா என்று பாருங்கள். பேசுகிறார், ஆடுகிறார், எழுதுகிறார் என்றால் கவனச்சிதறல். அது அந்த நேரத்தோடு போய்விடும். வெறுப்பு அப்படியல்ல, தங்கும்.

மூன்றாவது, சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பது. ‘ஹீ கெப்ட் புட்டிங் மீ ஆஃப் வித் எக்ஸ்க்யூஸஸ்’: இன்றைக்கு, நாளைக்கு என்று ஏதாவது சாக்குச் சொல்லி என்னை இழுத்தடித்தான். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது நடப்பது இதுதான். இங்கே ‘வித்’ வருவதைக் கவனியுங்கள், அது நல்ல அடையாளம். விருந்துக்கு அழைத்தவர்களை, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்வதற்கும் ‘வி ஹேட் டு புட் தெம் ஆஃப்’ என்பார்கள். இதில் தள்ளிப்போடும் பொருளும் கலந்திருக்கிறது, ஆனால் தள்ளப்படுவது விருந்தினர்கள்.

லைட்டும் செருப்பும்

‘புட் ஆஃப் தி லைட்’ தவறு என்று சில ஆசிரியர்கள் அடித்துவிடுகிறார்கள். தவறு என்று சொல்ல முடியாது. இந்தியாவில் இது சாதாரணப் பேச்சு, பிரிட்டிஷ் அகராதிகளிலும் விளக்கை அணைப்பது என்ற பொருள் இருக்கிறது. ஆனால் அமெரிக்கரிடம் சொன்னால் விசித்திரமாகக் கேட்கும். எங்கும் செல்லுபடியாக வேண்டும் என்றால் ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ சொல்லுங்கள். நெருப்பையோ மெழுகுவர்த்தியையோ அணைப்பது ‘புட் அவுட்’, அது வேறு.

செருப்பு, சட்டை கழற்றுவதற்கு இன்று ‘டேக் ஆஃப்’தான். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் மோசேயிடம் காலணியைக் கழற்றச் சொல்லும் இடத்தில் ‘புட் ஆஃப்’ என்று இருக்கும். பழைய வழக்கு. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் வேண்டாம்.

எங்கே வேறு சொல் வேண்டும்?

‘புட் ஆஃப்’ பேச்சிலும், நண்பர்களுக்கு எழுதும் மெயிலிலும், செய்தியிலும் தாராளமாக வரலாம். அலுவலக அறிவிப்பு என்றால் ‘போஸ்ட்போன்’ நல்லது. பணம் செலுத்துவதையோ முடிவெடுப்பதையோ முறைப்படி தள்ளிவைக்க ‘டிஃபர்’. நீதிமன்றத்தில் வாய்தா கொடுத்தால், சட்டசபையை ஒத்திவைத்தால் ‘அட்ஜர்ன்’. அங்கே ‘புட் ஆஃப்’ பொருந்தாது. வெறுப்பு என்ற பொருளுக்குக் கட்டுரையில் ‘டிஸ்கரேஜ்’ அல்லது ‘டிட்டர்’ எழுதலாம்.

தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு நாம் சொல்லும் ‘ப்ரிபோன்’ இந்திய ஆங்கிலம். அழகான சொல், நம் நாட்டுக்குள் தயங்காமல் பயன்படுத்துங்கள். வெளிநாட்டவரிடம் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால்தான் புரியும்: ‘தி மீட்டிங் ஹாஸ் பீன் ப்ராட் ஃபார்வர்ட் டு ஃப்ரைடே’.

படி 5: எழுதிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தள்ளப்படுவது வேலையா, ஆளா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. மேட்ச் நாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
2. பல் டாக்டரிடம் போவதை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள்.
3. கடைக்காரர் பேசிய விதத்தில் வாங்கும் எண்ணமே போய்விட்டது.
4. நான் பேசும்போது போனைப் பார்க்காதே, எனக்குப் பேச்சு தடுமாறுகிறது.
5. கல்யாணம் நின்றுபோயிற்று.

முதலாவது ‘தி மேட்ச் ஹாஸ் பீன் புட் ஆஃப் அன்டில் டுமாரோ’. இரண்டாவதில் ‘போவதை’ இருப்பதால் ‘இங்’: ‘ஷீ கீப்ஸ் புட்டிங் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்’. மூன்றாவதில் எழுவாய் பேசிய விதம், நடுவில் ‘மீ’: ‘தி வே தி ஷாப்கீப்பர் ஸ்போக் புட் மீ ஆஃப் பையிங் இட்’. நான்காவது கவனச்சிதறல்: ‘டோன்ட் லுக் அட் யுவர் ஃபோன் வைல் ஐ ஆம் ஸ்பீக்கிங், இட் புட்ஸ் மீ ஆஃப்’. ஐந்தாவதில் ‘புட் ஆஃப்’ வரவே கூடாது. நின்றுபோனது தள்ளிப்போனது அல்ல, ‘தி வெட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்’. இதை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டால், கேட்டவர் புதுத் தேதி என்ன என்று விசாரிப்பார்.